கிரவுண்டிங் பெட்ஷீட் கறுத்துப் போச்சா? வாசகர் கேள்வி–பதில்

பெங்களூர்ல எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ப திறந்தாலும் இப்ப இந்த பெட்ஷீட் பேச்சுதான் போலருக்கு. இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதையே கேட்டிருக்கீங்க, அதனால கீஸர், மிக்ஸி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: காட்டன் துணிக்குள்ள வெள்ளி பூசின நைலான் நூலையோ, மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூலையோ கட்டம் கட்டமா சேத்து நெய்திருப்பாங்க. ஓரத்துல ஒரு பிரஸ் பட்டன், அதுல ஒரு வயர் மாட்டி மறுமுனைய சுவத்து சாக்கெட்டோட எர்த் ஓட்டையில சொருகணும். வெறுங்கால்ல மண்ணுல நின்னா உடம்பு பூமியோட சேருதுல்ல, அத படுத்துக்கிட்டே பண்ணலாம்ங்கிறதுதான் இதோட ஐடியா.

சார், போன வருஷம் ஏழாயிரம் ரூபா குடுத்து வாங்கினோம். விக்கிறவர் அஞ்சு வருஷம் வரும்னு சொன்னார். இப்பவே என் வீட்டுக்காரர் படுக்குற பக்கம் மட்டும் கோடு கோடா கறுத்துப் போயிருக்கு, என் பக்கம் பளிச்சுன்னு இருக்கு. மாமியார் வெள்ளி விளக்கு தேய்க்கிற மாதிரி விபூதி போட்டு தேய்ச்சுப் பாருங்கிறாங்க. தேய்க்கலாமா?
– வாசகி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்

தேய்க்காதீங்கம்மா, தயவுசெஞ்சு. விளக்கு முழுக்க வெள்ளி, அதுல மேலாப்ல கொஞ்சம் போனாலும் அடியில வெள்ளிதான் இருக்கும். இங்க இருக்குறது நைலான் நூல், அதுக்கு மேல கண்ணுக்கே தெரியாத கனத்துல ஒரு வெள்ளிப் பூச்சு, அவ்ளோதான். விபூதி நைசா இருந்தாலும் தேய்க்கிற பொடிதானே, நீங்க அழுத்தி தேய்க்கத் தேய்க்க கறுப்பும் போகும் கூடவே வெள்ளியும் போகும், கடைசியில பளிச்சுன்னு ஒரு நைலான் நூல் கையில இருக்கும், கரண்ட கடத்தாது.

கறுப்பு எதனாலன்னு கேட்டா, பூஜை ரூம்ல குங்குமச்சிமிழ் கறுக்குற அதே காரணம்தான், கந்தகம். காத்துல கொஞ்சம் இருக்கு, வேர்வையில கொஞ்சம் இருக்கு, வெள்ளியோட சேர்ந்தா சில்வர் சல்ஃபைடு ஆயிடும். ஆனா ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதான் இங்க விஷயமே. உங்க வீட்டுக்காரர் ராத்திரி தலைக்கோ முட்டிக்கோ ஏதாவது தேய்ச்சுக்கிட்டு படுக்குறாரான்னு கேளுங்க. முடி கொட்டுதுன்னு இப்ப எல்லாரும் வெங்காய எண்ணெய் வாங்குறாங்க, வெங்காயத்தோட அந்த நெடியே கந்தகச் சேர்மம்தான், வெள்ளிக்கு அதவிட பெரிய எதிரி கிடையாது. சொறி சிரங்குக்கு போடுற கந்தக ஆயின்ட்மென்ட்டும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய், மூட்டு வலி தைலம், பாடி லோஷன் இதெல்லாம் கறுக்க வைக்கிறது கம்மி, ஆனா நூல் மேல ஒரு படலமா ஒட்டிக்கிட்டு தோலுக்கும் வெள்ளிக்கும் நடுவுல உக்காந்துக்கும், பாக்க ஷீட் நல்லாதான் இருக்கும், தொடர்பு மட்டும் இருக்காது.

அஞ்சு வருஷம்ங்கிறது விக்கிறவர் வாக்கு. வெள்ளி நூல் ஷீட்ட தினமும் விரிச்சு, வாரா வாரம் துவைச்சு, எண்ணெய் படாம பாத்துக்கிட்டா ஒரு ரெண்டு வருஷம், ரொம்ப பதவிசா வச்சிருக்குற வீட்ல மூணு வருஷம்னு கணக்கு வச்சுக்கோங்க. தைலம் தேய்ச்சுட்டு அப்படியே படுக்குற வீட்ல சில மாசத்துலயே மூச்சு வாங்கும். ஸ்டீல் நூல் ஷீட் கறுக்காது, துவைச்சாலும் சுலபமா போகாது, அதனால ஆயுசு ஜாஸ்திதான். ஆனா வெள்ளி அளவுக்கு கடத்தாது, நாளானா நூல் ஒடிஞ்சு முனை குத்துதுன்னு சிலர் சொல்றாங்க. என்னைக் கேட்டா எண்ணெய் தேய்க்கிற பழக்கத்த விடமுடியாத வீட்டுக்கு ஸ்டீல்தான் சரி. பழக்கத்த விடச் சொல்லி ஒரு பெட்ஷீட்டுக்காக வீட்ல சண்டை போடாதீங்க.

இன்னொண்ணு, கறுத்த உடனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. கறுத்திருந்தும் கடத்துற ஷீட் இருக்கு, வெள்ளை வெளேர்னு இருந்தும் கடத்தாத ஷீட் இருக்கு. கண்ண நம்பாம அளந்து பாக்கணும், எப்படின்னு கீழ ஒரு தம்பி கேள்வியில சொல்லியிருக்கேன்.

எங்க ஏரியாவுல போர்வெல் தண்ணிதான், கோடையில டேங்கர். எப்படி துவைக்கிறது? சாதா பவுடர் போட்டு கடைசியில கம்ஃபர்ட் ஊத்தி எடுக்குறேன், வாசனையா இருக்கு. தப்பா?
– வாசகி, பானஸ்வாடி

கம்ஃபர்ட்தான் முதல் தப்பு. துணி மெத்துன்னு ஆகுறதுக்கு காரணமே அது ஒவ்வொரு நூல் மேலயும் ஒரு வழவழப்பு படலம் விட்டுட்டுப் போறதுதான், மத்த துணிக்கு அது நல்லது, இந்த துணிக்கு நீங்களே காசு குடுத்து இன்சுலேஷன் பூசுற வேலை. எந்த பிராண்டா இருந்தாலும் சாஃப்ட்னரே வேணாம்.

அடுத்து ப்ளீச். குளோரின் ப்ளீச் பட்டா வெள்ளி சில்வர் குளோரைடா மாறிடும், ஒரே ஒரு தடவ ஊத்தினாலே போதும். கறை போகணும்னு வானிஷ் மாதிரி ஆக்ஸிஜன் ப்ளீச் போடுறதும் வேணாம், வினிகரும் வேணாம். எலுமிச்சம்பழம், புளித்தண்ணி எல்லாம் பித்தளைக்கு வச்சுக்கோங்க. சாதா சலவை பவுடர்ல சோடா தூக்கலா இருக்கும், சிலதுல ப்ளீச்சும் சேத்திருப்பாங்க, அதனால ஸ்வெட்டர், பட்டுக்கு போடுறோம்ல ஈஸி மாதிரி லிக்விட், அதுல கொஞ்சமா ஊத்தினா போதும்.

தண்ணி விஷயத்துல உங்க கவலை நியாயம்தான். தொரேகாடனஹள்ளி பம்ப் ஸ்டேஷன்லேந்து நூறு கிலோமீட்டர் மேட்டுல ஏறி வர்ற காவேரி தண்ணி கிடைக்கிற வீட்டுக்காரங்களுக்கு இந்த தொல்லை கம்மி. போர்வெல் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் ஜாஸ்தி, சோப்போட சேர்ந்து பக்கெட் ஓரத்துல பிசுபிசுன்னு ஒரு வெள்ளை அழுக்கு ஒட்டும் பாருங்க, அது துணியிலயும் ஒட்டும், நூல் மேலயும் ஒட்டும். அதுக்குன்னு டேங்கர்காரர்கிட்ட காவேரி வாட்டர் கேட்டு சண்டை போட முடியுமா. லிக்விட் அளவ குறைச்சு, அலசுறத ஒரு தடவ கூட்டுங்க. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற வேஸ்ட் தண்ணிய மட்டும் இதுக்கு எடுக்காதீங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி.

மெஷின்ல போடலாம், டெலிகேட் மோடு, தண்ணி சூடு நாப்பது டிகிரிக்கு மேல வேணாம், ஜீன்ஸ், ஹூக் வச்ச துணி எதுவும் கூட போடாதீங்க, பட்டன் பிச்சுக்கும். வயர கழட்டிட்டுதான் போடணும்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா ஒருத்தங்க வயரோட போட்டுட்டு எழுதியிருக்காங்க. துணி துவைக்கிற அம்மாகிட்ட குடுத்தா கல்லுல அடிப்பாங்க, வேணாம். முறுக்கிப் பிழியவும் வேணாம், பூச்சு விட்டுப்போறது பெரும்பாலும் மடிப்புலதான். நிழல்ல கொடியில காயப்போடுங்க, அயர்ன் பாக்ஸ தள்ளியே வைங்க, நைலான் சூடு தாங்காது. எவ்ளோ நாளைக்கு ஒரு தடவன்னா, வாரத்துக்கு ஒரு தடவ. துவைச்சா தேயும்னு பயந்து மாசக்கணக்குல விட்டா வேர்வை உப்பும் எண்ணெயும் தங்கி அதுவே கெடுக்கும்.

அண்ணா, எஸ்.பி. ரோட்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கி செக் பண்ணேன். வயரோட பின்லேந்து ஷீட் மூலை வரைக்கும் வச்சா ஒரு லட்சம் ஓம் காட்டுது. ஷீட் போயிடுச்சா? புதுசு, பெட்டி பிரிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு.
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

போகல தம்பி, நல்லாவே இருக்கு. அந்த ஒரு லட்சம் ஓம் ஷீட்டோடது இல்ல, வயரோடது. பாதுகாப்புக்காக வயருக்குள்ளயே கரண்ட மட்டுப்படுத்துற ஒரு ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க, பெரும்பாலும் ஒரு லட்சம் ஓம், சில வயர்ல பத்து லட்சம், பின் பக்கமோ பட்டன் பக்கமோ கொஞ்சம் புடைப்பா இருக்கும் தடவிப்பாருங்க. நீங்க அளந்ததுல வயர் அறுந்து போகலங்கிறது தெரிஞ்சுது, அது ஒரு நல்ல செய்தி.

ஷீட்ட மட்டும் அளக்கணும்னா வயர கழட்டிடுங்க. துணி நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல எல்லா துணியும் கொஞ்சம் கடத்தும், பொய்யான ரீடிங் வரும். மல்டிமீட்டர ஓம்ல வச்சு ஒரு முனைய பட்டன்ல பிடிங்க. இன்னொரு முனை ஊசி மாதிரி இருக்கும், அத அப்படியே துணியில குத்தினா நூலுக்கு நடுவுல வெறும் காட்டன்ல விழுந்து ஒண்ணுமே காட்டாது, அதனால ஒரு ரெண்டு ரூபா காசு வச்சு அது மேல முனைய அழுத்துங்க, காசு நாலஞ்சு நூல ஒண்ணா தொடும். தலைமாடு, நடு, கால்மாடு, தூர மூலைன்னு ஒவ்வொரு இடமா எடுத்து ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி பீரோவுல ஒட்டி வைங்க. நம்பர் எவ்ளோ இருக்கணும்னு கேக்காதீங்க, நெசவுக்கு நெசவு, கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க ஷீட்டுக்கு அது புதுசுல காட்டின நம்பர்தான் அளவுகோல். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அதே இடத்துல அதே காசு வச்சு பாருங்க. மெதுவா ஏறுறது சகஜம். படுக்குற இடத்துல மட்டும் திடீர்னு பல மடங்கு ஏறினாலோ, மீட்டர் ஓ.எல்.னு (அளக்க முடியாத அளவுக்கு தடை ஜாஸ்தின்னு) காட்டினாலோ அந்த இடத்துல ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்ப தலைமாட்ட கால்மாடா திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், பட்டன் எந்தப் பக்கம் வந்தாலும் வயர் எட்டினா சரி.

யூடியூப்ல ஒருத்தர் மீட்டர வோல்ட்ல வச்சு கையில பிடிச்சுக்கிட்டு, ஷீட்ல படுத்த உடனே ஒண்ணு ரெண்டு வோல்ட்லேந்து ஜீரோ பக்கம் இறங்குதுன்னு காட்டுவார். அது நெசம்தான், சுத்தி இருக்குற வயரிங்லேந்து உடம்புல ஏறுற சின்ன வோல்டேஜ் எர்த்துக்கு போகுது. கனெக்‌ஷன் சரியா இருக்குன்னு அது சொல்லும். உடம்புக்கு நல்லதுன்னு அந்த மீட்டர் சொல்லாது.

வயர எலி கடிச்சிடுச்சு. எலக்ட்ரீஷியன் பாத்துட்டு "உள்ள வெறும் ஒத்த வயர்தான் சார், நான் புது வயர் போட்டு பட்டன் வச்சு தரேன், அம்பது ரூபா" ங்கிறார். கம்பெனி வயர் ஆயிரத்து சொச்சம். போட்டுக்கலாமா?
– வாசகர், விவேக்நகர்

கூடவே கூடாது, இந்த இதழ்ல வேற எதையும் படிக்காட்டியும் இத படிங்க.

மேல சொன்ன ரெசிஸ்டர் ஏன் இருக்குன்னு கணக்கு போட்டுப் பாக்கலாம். ராத்திரி ஷீட்ல படுத்துக்கிட்டு போன் சார்ஜ் போட்டுப் பேசுறீங்க, சார்ஜர் மட்டமான சரக்கு, 230 வோல்ட் அதோட கேபிள் வழியா கைக்கு வந்துடுச்சுன்னு வைங்க. ஒரு லட்சம் ஓம் நடுவுல இருந்தா உடம்பு வழியா ஷீட்டுக்கு போறது 2.3 மில்லி ஆம்பியர், சுருக்குன்னு கடிக்கும், கைய உதறுவீங்க, முடிஞ்சது. வெறும் வயரா இருந்தா நடுவுல தடுக்க உங்க உடம்பு மட்டும்தான், அது ஓராயிரம் ரெண்டாயிரம் ஓம், அப்ப நூறு மில்லி ஆம்பியருக்கு மேல போகும், முதுகு முழுக்க எர்த்ல ஒட்டிக்கிட்டு படுத்திருக்கீங்க வேற. அது ஆள் சாகுற கரண்ட். மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருந்தா அது டக்குன்னு விழுந்து காப்பாத்தலாம், ஆனா பழைய வீடு எத்தனையில அது இருக்கு?

எலக்ட்ரீஷியன் மேல தப்பில்ல, பாக்குறதுக்கு ஒத்த வயர்தான், உள்ள ரெசிஸ்டர் இருக்குறது அவருக்கு தெரிஞ்சிருக்காது. ஆயிரம் ரூபா குடுத்து கம்பெனி வயரே வாங்குங்க, வந்த உடனே பின்லேந்து பட்டன் வரைக்கும் மீட்டர் வச்சு ஒரு லட்சம் ஓமுக்கு கம்மியில்லாம காட்டுதான்னு பாத்துட்டு மாட்டுங்க. ஆன்லைன்ல இருநூறு ரூபாக்கு வர்ற சில வயர்ல ரெசிஸ்டரே இருக்காது. கட்டில்ல போன் சார்ஜ் போடுற பழக்கத்தையும் விட்டுடுங்க, ரெசிஸ்டர் இருந்தாலும்.

அல்சூர்ல பழைய வீடு, வாடகைக்கு இருக்கோம். சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கு ஆனா எர்த் வருதான்னு தெரியல. ஓனர் "எல்லாம் இருக்கு"ங்கிறார். எப்படி கண்டுபிடிக்கிறது? ஜன்னல் கம்பியில கட்டினா போதுமா?
– வாசகி, அல்சூர்

ஜன்னல் கம்பி செவத்துலயே முடிஞ்சுடும், பூமிக்கு போகாது. தண்ணி குழாயும் இப்ப எல்லா இடத்துலயும் பி.வி.சி. ஆயிடுச்சு. மூணாவது ஓட்டை இருக்குறதுனால பின்னாடி வயர் இருக்குன்னு நம்பாதீங்க, நம்ம ஊர்ல பாதி வீட்ல அது அழகுக்குத்தான்.

இதுலயும் மோசமா ஒண்ணு இருக்கு. எர்த் வயர் இழுக்க சோம்பேறித்தனப்பட்டு, சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயர் போட்டு இணைச்சு விட்டிருப்பாங்க. கடையில விக்கிற மூணு லைட் டெஸ்டர சொருகினா எல்லாம் ஓகேன்னுதான் காட்டும். ஆனா எங்கயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா, வீட்ல ஓடுற ஃபேன் லைட் வழியா ஃபேஸ், அதாவது உயிருள்ள கரண்ட், அந்த எர்த் ஓட்டைக்கே வந்து நிக்கும், அதுல சொருகியிருக்குறது உங்க பெட்ஷீட். அதனால டெஸ்டர் லைட்ட மட்டும் பாத்து திருப்திப்படாம, விவரம் தெரிஞ்ச ஒரு எலக்ட்ரீஷியன கூப்ட்டு சாக்கெட்ட கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட் இருக்கலாம். எவ்ளோ லோடு போட்டாலும் சுத்தமா ஜீரோன்னா அந்த துண்டு வயர் இருக்கான்னு சந்தேகப்படணும்.

எர்த் பிட், அதாவது எர்த் வயர் மண்ணுக்குள்ள இறங்குற குழி, இருக்கான்னும் பாருங்க, மீட்டர் போர்டு கிட்டயோ காம்பவுண்ட் ஓரத்துலயோ சின்ன சிமென்ட் மூடி இருக்கும். கரியும் உப்பும் போட்டு தகடு இறக்கி வைக்கிறது பழைய முறை. நம்ம ஊரு அடியில பூரா பாறை, மேல இருக்குற மண்ணும் மார்ச், ஏப்ரல்ல காய்ஞ்சு கெடக்கும், காய்ஞ்ச மண்ணு கரண்ட வாங்காது, அதனால கோடையில அந்த பிட்ல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தணும். பெட்ஷீட்டுக்காக இல்லாட்டியும், கீஸருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இது வேணும்மா. ஓனர்கிட்ட பெட்ஷீட்ன்னு ஆரம்பிச்சா சிரிப்பார், கீஸர் ஷாக் அடிக்குதுன்னு ஆரம்பிங்க.

அண்ணன் அமெரிக்காவுலேந்து வாங்கிட்டு வந்தது, பின் நம்ம சாக்கெட்ல போகல, யுனிவர்சல் அடாப்டர் போட்டிருக்கேன். கரண்ட் போனா வேலை செய்யுமா? சுவிட்ச் ஆன்ல இருக்கணுமா?
– வாசகர், வைட்ஃபீல்ட்

அடாப்டர திருப்பிப் பாருங்க. பெரும்பாலான யுனிவர்சல் அடாப்டர்ல மூணாவது பின் வெறும் பிளாஸ்டிக், இல்லன்னா உள்ள எதோடயும் சேராம இருக்கும், ஷீட் பூமிக்கு பதிலா அடாப்டரோடதான் சேர்ந்திருக்கும். எர்த் பின் மட்டும் இருக்குற இந்தியன் டைப் பிளக் தனியா கிடைக்குது, அத வாங்குங்க. மத்தபடி கரண்ட் கட் ஆனாலும் எர்த் அங்கேயேதான் இருக்கும், சுவிட்ச் ஃபேஸ மட்டும்தான் வெட்டும், ஆஃப்ல வச்சே சொருகுங்க. மாங்கா மழை சீசன்ல இடி மின்னல்னா மட்டும் வயர கழட்டிடுங்க.

நெசமாவே தூக்கம் வருமா சார்? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு, வாங்கித் தரலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

அப்பா விஷயத்துல இதய டாக்டர கேக்காம எதுவும் பண்ணாதீங்க. தூக்கத்துக்கு வந்தா, இத ஊரெல்லாம் பரப்பினவர் கிளின்ட் ஓபர்னு கேபிள் டி.வி. தொழில்ல இருந்த ஒரு அமெரிக்கர். அடிக்கடி எடுத்துக் காட்டுற 2004 ஆய்வுல மொத்தமே 12 பேர், எட்டு வாரம், ஷீட் இல்லாம ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழுவே இல்ல. புது பெட்ஷீட் போட்டு, நேரத்துக்கு படுத்து, தூக்கம் வருதான்னு கவனிச்சா யாருக்கும் கொஞ்சம் நல்லாத்தான் வரும். கையில மிச்சம் காசு இருந்து வாங்கினா கெடுதல் இல்ல, மாத்திரைய நிறுத்திட்டு இத வாங்குறது தப்பு.

பழைய ஷீட் ரெண்டு கிடக்கு. வெள்ளி இருக்கேன்னு நகரத்பேட்டையில போட்டா ஏதாவது தேறுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

உங்க ஆட்டோ சார்ஜுக்கு தேறாது. நூல் மேல பூச்சா இருக்குற வெள்ளிய பிரிச்செடுக்குற செலவே அதவிட ஜாஸ்தி, வீட்ல எரிச்சுப் பாக்குறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, நைலான் புகை நெஞ்ச அடைக்கும். பட்டன வெட்டிட்டு வண்டி துடைக்க வச்சுக்கோங்க. வயர் நல்லா இருந்தா தூக்கிப் போடாதீங்க, புது ஷீட்டோட பட்டன் அதே சைஸ்ல வந்தா அதுக்கு ஆகும்.